இசை: மச்சான்

மௌனப்படக் காலத்தில் தியேட்டரில் பியானோ வாசித்து, பேசும்படம் வந்தபிறகு ஹொலிவூட் ஸ்டுடியோ ஒன்றில் சம்பளத்துக்கு இசை எழுதிய ஒரு மனுசன். அவனைப் பற்றித்தான் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு. படம் படமாக எழுதித் தள்ளினான். திரையில் வந்ததோ இசைப் பிரிவுத் தலைவரின் பெயர். அந்தக் காலத்து வழக்கம் அது. இதையெல்லாம் குரோருட்டில் எங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, மாமாவின் மகனான மச்சானுக்கு நானே வாய் ஓயாமல் சொன்னேன். மடைச்சி.

அவன் அப்போது குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தான். மூன்று மாதம் அதற்கு இசை எழுதினேன். ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதி வாங்கவில்லை. சொந்தத்துக்குள் கையெழுத்துக் கேட்டால் அம்மாவின் மானம் போய்விடும். எனக்கு வேண்டியது திரையில் என் பெயர் மட்டும். திரையிசை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க, பெயரோடு வெளிவந்த படைப்பு ஒன்று கட்டாயம்.

லில்லெஸ்ட்ரோமில் மண்டபம் எடுத்துத் திரையிட்டார்கள். கடைசியில் எழுத்து ஓடியது. ‘இசை’ என்பதற்குக் கீழே அவன் பெயர். சனம் கைதட்டியது. நானும் தட்டிக்கொண்டிருந்தேன், வாசித்து முடிக்கும்வரை.

வாசலில் அவனைப் பிடித்தேன்.

“என்ரை பேர் எங்கை?”

“நன்றியிலை போட்டிருக்கு, மச்சாள். வடிவாப் பாக்கேல்லையோ?”

“நன்றியிலை மண்டபத்துச் சாவி தந்தவரின்ரை பேரும் கிடக்கு.”

“நீதானே சொன்னனீ, ஹொலிவூட்டிலையே அப்பிடித்தான் எண்டு. எந்த இடத்திலை எப்பிடி வரவேணுமெண்டு வாயாலை பாடிக் காட்டினது ஆர்? நான்தானே.”

“நீ பாடினதைக் கேட்டும் காது மிஞ்சினதே பெரிசு.”

சிரித்தான். படம் விழாக்களுக்குப் போய்விட்டதாம், இனி மாற்ற ஏலாதாம். விண்ணப்பத்தோடு வைக்க, இசை நான்தான் எழுதியது என்று இரண்டு வரி ஈமெயிலாவது எனக்குப் போடு என்றேன்.

“பாப்பம்,” என்றான்.

காரில் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும் பிள்ளை. போன கிழமையே மாமி சொன்னவ. நீ குழப்பம் பண்ணுவாய் எண்டுதான் வாய் திறக்கேல்லை. அவனுக்கு இது முதல் படம்.”

“எனக்கும் அதுதான் முதல் படம்.”

அம்மா ரேடியோவைப் போட்டார்.

விண்ணப்பத்தின் கடைசி நாள்வரை பார்த்தேன். அவனுடைய ஈமெயில் வரவில்லை. படைப்பின் பெயர் கேட்ட கட்டம் வெறுமையாகவே இருந்தது. படிவத்தை அனுப்பாமல் மூடினேன். அம்மா அறைக் கதவைத் தட்டினார்.

“மாமி சாப்பிடக் கூப்பிடுறா. வெளிக்கிடு.”

“நீங்கள் போயிட்டு வாங்கோ அம்மா. மாமி முந்திச் சொன்னதை எனக்குச் சொல்லேல்லைத்தானே. இண்டைக்கு அங்கை என்ன கறி எண்டும் வந்து சொல்ல வேண்டாம்.”