பின்னறைக்கு ஒரு சின்ன டி.வி.

என் மனைவிக்குத் தூக்கம் வேண்டும். வீட்டில் வேறு பிரச்சினை இல்லை என்று சொல்லவில்லை, அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு வேலை. விடிந்ததும் வந்து குளித்து, வாயில் எதையாவது போட்டுக்கொண்டு அவள் தலையைச் சாய்க்கிற நேரத்தில்தான் ஹாலில் அண்ணன் டி.வி.யைப் போடுவார். எங்கள் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் டி.வி. மாட்டியிருக்கிறது. செய்தி வாசிக்கிறவர் எங்கள் கட்டில் ஓரத்தில் நின்று வாசிக்கிற மாதிரி இருக்கும்.

அண்ணன் என்னைவிட ரொம்பவே மூத்தவர். மீசை முளைக்கும் முன்பே நெசவு ஆலையில் தறி ஓட்டப் போனவர். அப்பா போன பிறகு நான் படித்தது, எனக்குக் கல்யாணம் நடந்தது எல்லாம் அவர் உழைப்பில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அண்ணியும் போய்ச் சேர்ந்த பிறகு மகள் வீட்டில் இருந்தார். திடீரென்று ஒருநாள் கையில் ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்டா" என்றார். என்ன ஏது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்னறையில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்கி ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தோம். அந்தக் கொஞ்ச நாள் ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டே போனது.

சாதுவான மனுஷர். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார், தன் தட்டைத் தானே கழுவி வைப்பார். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால், ஊஹூம், திரும்பவே மாட்டார். எதிரே போய் நின்று கேட்டால் சட்டென்று பதில் வரும். காது கொஞ்சம் மந்தம், வீம்பு கொஞ்சம் அதிகம் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

சத்தத்தைக் குறையுங்கள் என்று சொல்லாமலா இருப்போம்? சொன்னால் உடனே குறைப்பார். கொஞ்ச நேரத்தில் பழையபடி வீடு அதிரும். காதில் மாட்டிக்கொள்கிற கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அரிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அதற்கு மேல் பெரியவரை என்ன சொல்வது? நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலை டிரிப் முடித்து வீட்டுக்கு வந்தால் ஒரு பக்கம் டி.வி., இன்னொரு பக்கம் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு புரளுகிற மனைவி. எங்கேயாவது ஓடிப் போய்விடலாமா என்று இருக்கும்.

போன வாரம் அவள் வார்டில் மருந்துத் தட்டோடு நின்றபடியே தூங்கிவிட்டாள். தட்டு கீழே விழுந்ததில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள், அவளைத் தவிர. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று தலைமை நர்ஸ் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டு அழுதாள். அண்ணன் ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

"பின்னறையில ஒரு சின்ன டி.வி. மாட்டிக் குடுத்திடலாம், ஹாலை விட்டுடுவார்" என்றேன்.

"டி.வி.யும் வந்துட்டா அப்புறம் எங்கேங்க கிளம்பப் போறார்?" என்று மெதுவாகக் கேட்டாள். "எனக்கு அவர்மேல கோபம் எல்லாம் இல்லங்க. முடியல, அவ்வளவுதான்."

வாங்கவில்லை என்றால் தூக்கம் போச்சு, வாங்கினால் அண்ணன் இங்கேயே தங்கிவிடுவார். கடைசியில் தூக்கம்தான் ஜெயித்தது. மறுநாள் அவள் வேலை முடிந்து வந்த கையோடு மூன்று பேரும் கடைக்குப் போனோம்.

கடையில் சுவர் முழுக்கப் பெரிய பெரிய திரைகள். ஒன்றிலும் சத்தம் இல்லை, படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்ட சின்ன டி.வி. மூலையில், மிக்ஸிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. "முப்பத்திரண்டு இஞ்சுக்குக் கீழ இப்ப யார் சார் வாங்குறாங்க?" என்று விற்பனைக்காரர் சலித்துக்கொண்டார். முப்பத்திரண்டை மாட்டினால் பின்னறையின் அலமாரிக் கதவைத் திறக்க முடியாது, நம் பட்ஜெட்டும் தாங்காது என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. இருபத்திநாலு இஞ்சே போதும் என்றேன். என் மனைவி ஒரு வாஷிங் மெஷின்மேல் சாய்ந்துகொண்டு கண்ணை மூடி மூடித் திறந்தாள்.

"சத்தம் எப்படி இருக்குன்னு பாருங்க பெரியவரே" என்று விற்பனைக்காரர் ரிமோட்டை அமுக்கினார். திரையில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. ரிமோட் வேறு டி.வி.யுடையது போலிருக்கிறது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அண்ணன் தலையை ஆட்டினார். "கணீர்னு இருக்கு. வீட்டுல இருக்கிறதைவிட நல்லாவே கேட்குது."

விற்பனைக்காரர் ஒரு மாதிரி சிரித்துவிட்டு, சரியான ரிமோட்டைத் தேடிப் போனார். அண்ணன் வரிசையின் அந்தக் கோடிக்கு நடந்து போய், அங்கிருந்தபடி எங்களைப் பார்த்தார். என் மனைவிக்குத் தூக்கமெல்லாம் பறந்துவிட்டது. என் காதோரம், எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "ஏங்க, இவருக்குக் காது சுத்தமா கேட்கலைங்க" என்றாள்.

"ஆமாம்மா, கேட்காது" என்றார் அண்ணன் அந்தக் கோடியிலிருந்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் கிட்டே வந்தார். திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி முகம் இருந்தது.

"தறிக் கூடத்துல யாரு பேச்சும் யாருக்கும் கேட்காதுடா. வாயைப் பார்த்துத்தான் பேசிக்குவோம். எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். காது போனதே எனக்கு ரொம்ப நாள் தெரியல."

"அப்ப எதுக்குண்ணே வீடு இடியிற மாதிரி சத்தம் வைக்கிறீங்க?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. "இவ தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"சத்தமே இல்லாம டி.வி. பார்த்தா செவிடன்னு தெரிஞ்சிடுமே. நீங்க குறைக்கச் சொன்னப்பவும் எவ்வளவு குறைஞ்சுதுன்னு எனக்கு எங்கே தெரியும்? குத்துமதிப்பா அமுக்குவேன்."

"தெரிஞ்சா என்னங்க அத்தான்? நாங்க என்ன செஞ்சிடப் போறோம்?" என்றாள் என் மனைவி.

அண்ணன் அவளைப் பார்த்துச் சொன்னார். "மக வீட்டுல ஒருநாள், இப்படித்தான், வாய் தவறிப் பதில் சொல்லிட்டேன். தூரத்துல அவளும் மாப்பிள்ளையும் பேசினதுக்கு. அன்னையிலருந்து நான் இருந்தா ரெண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கிட்டுப் பேச ஆரம்பிச்சாங்க. திட்டினாக்கூட தாங்கிக்கலாம்மா. எந்நேரமும் முதுகையே பார்த்துட்டு இருக்க முடியல."

முந்தின நாள் சமையலறை வாசலில் நாங்கள் ஹாலைப் பார்த்தபடிதான் நின்றிருந்தோம். அது அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் செத்துவிட்டது.

"நேத்து நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள்.

"கோபம் இல்லைன்னும் சொன்னியேம்மா. அதையும் பார்த்தேன்" என்றார் அண்ணன்.

அவள் பொலபொலவென்று அழுதாள். தூங்காத கண் வேறு, நிற்கவே இல்லை. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்கு நேராகப் போய் நின்று, "இனிமே சத்தம் வேண்டவே வேண்டாம் அத்தான். பின்னறைக் கட்டில்ல உட்கார்ந்தா டி.வி. கைக்கெட்டுற தூரம். இந்தச் சின்னதுல வாய் தெரியுமா, அதைச் சொல்லுங்க" என்றாள். அண்ணன் டி.வி.யிடம் குனிந்து பார்த்தார். அந்தப் பெண் என்னவோ சொல்ல, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெரியுது, நல்லாவே தெரியுது" என்றார்.

அதையே வாங்கினோம். அண்ணன் பெட்டியை விடாமல் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். நானும் அவளும் கவுண்டரில் பில்லுக்காக நின்றோம். அண்ணன் நம்மோடு நிரந்தரமாகவே இருந்துவிடுவாரா, உனக்குச் சம்மதமா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், என்னை அறியாமல் என் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

அவளும் கவனித்துவிட்டாள். என் தோளைப் பிடித்து அண்ணன் நிற்கிற பக்கமாகத் திருப்பி நிறுத்தி, "இப்பக் கேளுங்க" என்றாள்.