பரணில் சிரிப்பவள்

என் வீட்டுக்காரர் பூபாலனுக்குப் பேய்க்கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பாழடைந்த பங்களா, பூட்டிய அறை, கண்ணாடியில் தெரியும் முகம் என்று என்ன கண்றாவி இருந்தாலும் வாங்கி வந்துவிடுவார். பகலெல்லாம் அம்பத்தூரில் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தால் புத்தகமும் கையுமாகத்தான் உட்காருவார்.

திருவேற்காட்டில் வாடகைக்கு வீடு தேடியபோது, கல்யாணமாகாத பெண் காய்ச்சலில் செத்துப்போன வீடு என்று எல்லோரும் ஒதுக்கிய ஒன்றை, அதற்காகவே பிடித்தார். நான் கத்தினேன், கேட்டால்தானே. குடிவந்து பல மாதமாகியும் ஒரு பல்லிகூட எங்களைப் பயமுறுத்தவில்லை. மனுஷருக்கு ஒரே ஏமாற்றம். அதனால் தானே ஒன்றைக் கட்டிவிட்டார்: மதிய வேளையில் பரண் பக்கம் அந்தப் பெண் சிரிக்கிறாளாம். ஷேர் ஆட்டோவில், டீக்கடையில், முடி வெட்டுகிற இடத்தில் எல்லாம் இதே கதை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

போன ஞாயிறு காலை கதவைத் திறந்தால், ஓர் அம்மாள் நிற்கிறார். கையில் பூ, மஞ்சள், புதுச்சேலை வைத்த பை. பெயர் தாயம்மாள்; செத்துப்போன மைதிலியைப் பெற்றவர். அந்தச் சாவுக்குப் பிறகு வேப்பம்பட்டுக்குக் குடிபோனவர். மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்களாம். அவர்கள் வழக்கப்படி, கன்னியாகப் போனவளுக்குச் சேலை படைத்து, பூவாடைக்காரி என்கிற வீட்டுத் தெய்வமாக அழைத்த பிறகுதான் மற்ற காரியம். வேப்பம்பட்டில் இரண்டு முறை அழைத்தும் அவள் யார் மேலும் வந்து இறங்கவில்லையாம். பழைய வீட்டில்தான் இருக்கிறாள் என்று ஓர் ஆட்டோக்காரர் சொல்ல, ஓடி வந்திருக்கிறார்.

அவர் சேலையை வெளியே எடுத்து, பரணையே பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"கடேசில மூச்சு உடவே கஷ்டப்பட்டா, நைனா. இப்போ சிரிச்சுகினு கீறாளாமே, நெஜந்தானா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கே தோன்றியது. பேய்க்கதை மன்னரோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எல்லாம் தான் கட்டிவிட்ட கதை, சத்தம் கித்தம் எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்தேன். தாயம்மாளோ வெளியே எடுத்த சேலையை மறுபடி பைக்குள் வைத்தார்.

"அப்போ எம் பொண்ணு இங்கயும் இல்லியா?" என்றார்.