மாமாவின் வலது கை

நேற்று வேங்கிக்கால் சாலையில் என் மகள் முதன்முறையாகக் கார் ஓட்டினாள். கியர் தானாகவே மாறிக்கொள்ளும் புது வண்டி. குறுக்கே பாய்ந்த ஷேர் ஆட்டோவைப் பார்த்து நான் அலறி, அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவள் நிதானமாகத்தான் பிரேக் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. "அம்மா, நீ கைய விட்டாத்தான் நான் ஓட்ட முடியும்" என்றாள். ஆனால் இரவு முழுக்க என் நினைவில் இருந்தது வேறொரு கை.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அம்மாவின் தம்பி, என் மாமா, லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, தன் நாட்டிலிருந்து தரைவழியாகவே ஓட்டிவந்த பழைய காரை, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி மாமாவிடம் விட்டுப் போனார். ஸ்டீயரிங் இடப்பக்கம். கியர் கம்பி வலது கைப் பக்கம் இருந்தது, கிளட்ச் மிதி இல்லை. போகும்போது அந்தம்மா கம்பியைத் தொட்டுக் காட்டி, பலமாகத் தலையை ஆட்டி, ஏதோ சொன்னாராம். மெதுவாக ஓட்டச் சொல்கிறார் என்று மாமா எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. அப்பா வெளியூரில். செங்கம் சாலைக்கு உள்ளே இருந்த எங்கள் ஊருக்கு சாயங்காலம்தான் பஸ். மாமா அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மாவும் மாமாவின் மனைவியான அத்தையும் பின்னால், நான் முன்னால்.

சமதரையில் வண்டி எப்படியோ போனது. ஏரிக்கரை ஏற்றத்தில் மாமாவுக்குப் பயம் வந்துவிட்டது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கை எப்போதும் கியரின் மேல்தான் இருக்கும். பயந்தால் பிடி இறுகும். என்ஜின் உறுமியது. வண்டி பின்னால் நழுவத் தொடங்கியது. பின்னால் ஏரி, நிறைய தண்ணீர். மாமாவின் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடி அலைந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு மறுபடி முயன்றார். மறுபடி உறுமல், மறுபடி நழுவல்.

"பெரிய லாரிக்காரரு! சத்தம்தான் ஜாஸ்தி, வண்டி நவுரக் காணோம்" என்றாள் அத்தை. கேலிதான், ஆனால் குரல் உடைந்திருந்தது.

அம்மா வலியில் "அண்ணாமலையாரே!" என்று கத்தினாள். எதிரே மலை தெரிந்தது. மலையைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத கை எங்கள் ஊரில் கிடையாது. மாமாவின் வலது கை தானாக மேலே போனது.

வண்டி முன்னால் பாய்ந்தது.

"ஏத்திட்டாருக்கா, சாமி ஏத்திட்டாரு!" என்று மாமா சிலிர்த்துப்போய்க் கையைப் பழையபடி கம்பியில் வைத்தார். வண்டி மறுபடி உறுமிக்கொண்டு நின்றது.

கண்டுபிடித்தது அம்மாதான், அந்த வலியிலும். "டேய், நீ கும்புடச்சொல்லோ வண்டி போச்சுடா! அந்தக் கம்பியத் தொடாத, கைய எடு!"

பிற்காலத்தில் இதைப் பற்றிப் படித்தேன். முழுத் தானியங்கி வண்டிகள் பரவலாக வருவதற்கு முன், கார் செய்கிறவர்கள் சிலர் பாதி வழி வந்து நின்றிருக்கிறார்கள். காலின் வேலையைக் கைக்கு மாற்றிவிட்டார்கள். கியர் கம்பியைப் பிடித்தால் அதிலிருக்கும் சுவிட்ச் கிளட்சைப் பிரித்துவிடும், என்ஜின் தனி, சக்கரம் தனி. கையை எடுத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஓட்டும்போது கம்பியைப் பிடிக்காதே என்றுதான் வெள்ளைக்காரம்மா தலையை ஆட்டியிருக்கிறார்.

ஆனால் பத்து வருடப் பழக்கம் சொன்னால் கேட்குமா? மாமாவின் கை திரும்பத் திரும்பக் கம்பிக்கே போனது. அத்தை என் தோளைத் தட்டினாள். "பாப்பா, உங்க மாமன் கையப் புடிச்சு மடியில வெச்சிக்கோ. அவரு கெஞ்சினாலும் உடாத."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கரை ஏறி, சாலைக்கு வந்து, டவுன் ஆஸ்பத்திரி வரை ஒரே கியரில் போனோம். மாமா ஒரு கையால் ஓட்டினார். வியர்த்துச் சொதசொதத்த அந்த இன்னொரு கையை நான் காவல் காத்தேன். அவ்வளவு பெரிய வேலையை அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் என் தங்கை பிறந்தாள். இன்று அவள் இருப்பதற்கும், அம்மா அதற்குப் பிறகு எங்களோடு வாழ்ந்ததற்கும் நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்வது? மாமாவுக்கு, அத்தைக்கு, கையை எடுக்கவைத்த அந்த மலைக்கு.

அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு நானும் மாமாவும் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். என்ஜின் அணைந்துவிட்டது. என் வேலை முடிந்தது என்று பிடியைத் தளர்த்தினேன். கை வரவில்லை. மாமா என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வண்டிதான் நின்னுடுச்சே மாமா" என்றேன்.

"இரு கண்ணு" என்றார், ஆஸ்பத்திரி வாசலையே பார்த்தபடி.

நான் நன்றாக வேலை செய்ததற்காகத்தான் மாமா கையை விடாமல் இருக்கிறார் என்று நினைத்து, பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.