மித்காலின் வலக்கைக் கட்டு

மித்காலிடம் வாஷிங் மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போனால் அது அநாதை. கூடவே உட்கார்ந்தால் கையோடு சரியாகி வந்துவிடும். ஜோர்டானின் அம்மான் நகரில், ஹாஷ்மி பகுதி முழுக்க இது தெரியும். அதனால் பெண்கள் வெண்டைக்காய்க் கூடையோடு வந்து கடையில் உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்வரை அவர் கை வேலையை விட்டு நகராது. ஆள் எழுந்தால் இவரும் எழுந்துவிடுவார். எங்கே போனார் என்று அவருக்கே தெரியாது.

இதற்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று பெயர் இருப்பதை ஐம்பது வயதில்தான் ஒரு டாக்டர் சொன்னார். அதுவரை அக்கா நௌஃபா வைத்திருந்த பெயர் ‘உருப்படாதவன்’. “மறதியோட மல்லுக்கு நிக்காதீங்க, சாமான்களை இடம் மாத்தி வைங்க” என்றார் டாக்டர். மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவோடு இடது கால் ஷூவையும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். ஒற்றை ஷூவோடு யார் வேலைக்குப் போவது? சாவியில் ஆட்டு மணி கட்டினார். தினமும் பாட்டுப் போட்டுக்கொண்டு சிலிண்டர் விற்க வரும் கேஸ் வண்டியின் சத்தம் தெருவில் கேட்டால் அடுப்பைப் போய்ப் பார்ப்பது என்று பழகிக்கொண்டார். ஒரு நாள் வண்டி வரவில்லை. மறுநாள் வண்டிக்காரனை வழிமறித்து, “ஏன்யா நேத்து வரல? என் பருப்பு கரிஞ்சு போச்சு!” என்று சண்டைக்குப் போனார்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தப் பொறுப்பு விழுந்தது. நௌஃபாவின் ஒரே மகன் ரகானுக்குப் பெண் கேட்கப் போக வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளை. கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் பெரியவர் என்று இருப்பது தாய்மாமன் ஒருவர்தான். பெண்ணின் தகப்பன் அபூ கைஸோ ஒரு மாதமாகப் பிடி கொடுக்காமல் இழுத்தடிப்பவர். இன்றைக்கு ஒரு சொல் பிசகினாலும் சம்பந்தம் முறிந்துவிடும்.

பேச்சைக்கூட உளறிச் சமாளித்துவிடலாம். காப்பிதான் பயம். அந்த ஊர் வழக்கப்படி, பெண் கேட்க வந்த தலைவர் முன்னால் முதல் காப்பியை வைப்பார்கள். அவர் அதைத் தொடக் கூடாது. பெண்ணைக் கேட்டு, பெண் வீட்டார் கொடுத்தோம் என்று சொன்ன பிறகுதான் குடிக்க வேண்டும். அவர் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. மித்காலோ எதிரே எந்தக் கோப்பை இருந்தாலும் பேச்சு வாக்கில் எடுத்துக் குடித்துவிடுகிற ஆள். கடைக்கு வருகிறவர்கள் டீயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்காருவது சும்மா இல்லை.

புறப்படும்போது அவருடைய வலக்கையில் மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு.

“என்னடா கூத்து இது?” என்றாள் நௌஃபா.

“அக்கா, காப்பியை வலக்கையாலதானே குடிப்போம்? கட்டு இருந்தா தூக்கும்போதே உறைக்கும்.”

“ஏன் கட்டுன்னு கேட்டா?”

“அதெல்லாம் நான் சமாளிச்சுக்கறேன்.”

சமாளித்த லட்சணத்தைக் கேளுங்கள். பெண் வீட்டு வாசலில் கேட்டவரிடம் மெஷின் பெல்ட் இழுத்துவிட்டது என்றார். கூடத்தில் இன்னொருவரிடம் பூனை கடித்தது என்றார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் சித்தப்பாவிடம் கொதிக்கிற எண்ணெய் என்றார். சித்தப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை.

“ஏங்க, மெஷினா, பூனையா? ஒண்ணைச் சொல்லுங்க.”

“பூனை மெஷினுக்குள்ளதான் இருந்துச்சு.”

“அப்போ எண்ணெய்?”

“அது... பூனைக்குத் தடவ வெச்சிருந்தது.”

கூடம் சிரித்தது. அபூ கைஸ் சிரிக்கவில்லை. இதற்குள் மித்கால் முன்னால் முதல் காப்பியை வைத்துவிட்டுப் போனார்கள். பூனையை மெஷினிலிருந்து எடுத்த கதையை ஒருவழியாக முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“அபூ கைஸ் அவர்களே, உங்க மகள் ஹனீனை எங்க ரகானுக்கு...”

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவர் இடக்கையில் இருந்தன. அதில் கோப்பை. கோப்பை காலி.

“அடப்பாவி!” என்று கதவுக்கு அந்தப் பக்கம், பெண்கள் இருந்த அறையில் நௌஃபாவின் குரல் கேட்டது.

“கேக்கறதுக்கு முன்னாடியே குடிச்சாச்சு. அப்போ கேக்க வந்தது ஒண்ணுமில்லயா?” என்றார் சித்தப்பா. ரகானின் முகம் வெளிறிப்போனது.

மித்கால் கட்டை அவிழ்த்தார். சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. உள்ளே ஒரு கீறல் இல்லை.

“பூனையும் இல்ல, எண்ணெயும் இல்ல. காப்பியைக் குடிச்சிடக் கூடாதேன்னு நானே கட்டிக்கிட்டது. இன்னொரு கை இருக்கறது நெனப்பில்லாமப் போச்சு. என் புத்தி அப்படி. ஷூவை ஃப்ரிட்ஜுல வெச்சாத்தான் சாப்பாட்டை எடுத்துட்டுப் போவேன். ஆனா ரகான் என்னை மாதிரி இல்லீங்க. சின்னதுலேர்ந்து என் பக்கத்துல உக்காந்து என்னை வேலை செய்ய வெச்சவன். எழுந்து போனா தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சலிச்சுக்கிட்டதில்ல. எனக்காக அவனைத் தண்டிச்சிடாதீங்க.”

அபூ கைஸ் கட்டுத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“ஃப்ரிட்ஜுலயா?” என்றார்.

“இடது கால் மட்டும்.”

“என் பொண்ணு காலையில போனை மாவு டப்பாவுல வெச்சிட்டு வீட்டையே புரட்டிப்போட்டா. சின்ன வயசுலேர்ந்து இதேதான். எனக்குத் திட்ட மட்டும்தான் தெரிஞ்சது.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போற வீட்டுலயும் திட்டுவாங்களேன்னு பயந்துதாங்க இத்தனை நாள் இழுத்தேன். இனிமே என்ன இருக்கு? கொடுத்தேன்! யாருப்பா அங்க, இன்னொரு காப்பி ஊத்து!”

உள்ளேயிருந்து குலவை கிளம்பியது. அபூ கைஸ் தம் கையாலேயே கோப்பையை மித்காலின் வலக்கையில் வைத்தார்.

“குடிங்க, சம்பந்தி.”

மித்காலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “அந்தப் போனுக்கு ஒரு வழி இருக்கு, சம்பந்தி. ஆட்டு மணி! ஆனா சின்ன மணி ஆகாது, கேளுங்க...” என்று ஆரம்பித்தார். மணியின் நாக்கு, கட்டும் கயிறு, ஷூ வைக்க ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு தோது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. காப்பி ஆறியது. அவர் குடிக்காமல் யாருக்கும் ஊற்ற முடியாது. கூடம் முழுக்க ஆண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கதவு படாரென்று திறந்தது.

“மித்கால்!” என்று கத்தினாள் நௌஃபா. “இப்போ குடிடா!”