எட்டு சென்ட் காடு

வைத்திலிங்கம் முப்பத்தோரு வருஷம் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். எந்தப் பள்ளம் எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த ரோடு அவரை விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள், மனைவி மகேஸ்வரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பயணியாகப் போய்வந்தார். அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. சிதம்பரத்தில் வாடகை வீடு, மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போகும்போது மூச்சு வாங்கும். திரும்பும்போது ஆலப்பாக்கம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள்.

நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், காபியும் அதற்குள்ளேயே என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். விடிந்ததும் ஒரு பாட்டிலில் பிடித்துவைத்து, மூடியில் ஊற்றி ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வாள். பஸ்ஸில் யாராவது குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இதில் கொடுமை என்னவென்றால், ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் பத்தே நிமிஷத்தில் அவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது. குடியிருந்தவர்கள் காலிசெய்து ஆறு வருஷம் ஆகிறது. "ரிட்டயர் ஆயிட்டு பாத்துக்கலாம்" என்று மனுஷன் ஆறு வருஷமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பார்க்கவில்லை, சீமைக்கருவேல் பார்த்துக்கொண்டது. எட்டு சென்ட் மனையில் கேட்டிலிருந்து வாசற்படி தெரியவில்லை. பின்கதவுக்கும் கக்கூசுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்குக் கறையான் புற்று வேறு.

"இன்னும் எவ்ளோ நாளு மாமா இந்த பஸ்ஸுல அலையறது? என்னால முடியல" என்றாள் மகேஸ்வரி.

"ஒரு மாசம் பொறு மகேசு. வெட்டிடறேன்."

ஜூன் மாதம் முழுக்க வெட்டினார். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அரிவாள் பிடிபடவில்லை. டிரைவர் வேலை மிச்சம் வைத்த இடுப்புவலி, குனிந்தால் நிமிர விடாது. கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் இறங்கி, பத்து நாள் நொண்டினார். நொண்டி முடித்து வந்து பார்த்தால், இரண்டு மழையில் வெட்டிய இடமெல்லாம் முழங்கால் உயரம் துளிர்த்து நின்றது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். அறுபது வயசு மனுஷன், தெருவில் நாலு பேர் பார்க்க.

பிறகுதான் ஜேசிபி டிரைவர் சுரேந்தரைப் பிடித்தார். அவன் சுவரோரமாக ஒரு சுற்று வந்தான். புற்றைப் பார்த்தான். புற்றின்மேல் கிடந்த பாம்புச் சட்டையையும் பார்த்தான்.

"இதுல நான் கை வெக்க மாட்டேன் சார். எனக்கும் புள்ளைங்க இருக்குது. ஒரு தபா பால் ஊத்தி, மன்னிச்சுக்கோன்னு கேட்டுடுங்க. நாளைக்கி வந்து ஒரே மூச்சுல முடிச்சிடறேன்."

வைத்திலிங்கத்துக்குப் புற்றின்மீது பக்தியும் இல்லை, பகையும் இல்லை. வண்டி உள்ளே வந்தால் போதும். செய்வதைத் திருத்தமாகச் செய்வோம் என்று பால், முட்டை, மஞ்சள், குங்குமம் வாங்கினார். கடைக்காரர் எடுத்துக்கொடுத்த மஞ்சள் துணியையும் விடவில்லை. பாலை ஊற்றி, மற்றதைச் சாத்தி, சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று ஆடி வெள்ளி. அது அவர் நினைப்பிலேயே இல்லை. எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாளுக்கு இருந்தது. சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது.

மறுநாள் சுரேந்தர் வண்டியோடு வந்தபோது புற்றைச் சுற்றி ஒன்பது பெண்கள் நின்றார்கள். கருவேலை ஒதுக்கி ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. வேப்பிலை கட்டியாகிவிட்டது. சுரேந்தர் இறங்கினான், செருப்பைக் கழற்றினான், கும்பிட்டான், வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

அடுத்த வெள்ளிக்குச் சூலம் வந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கு நாலு கொம்பு நட்டுத் தகரம் போட்டார்கள். முள்செடியைக்கூட யாரும் தொடக்கூடாதாம், அம்மன் காடாம். வைத்திலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்.

"ஒடம்பு முடியாதவள இங்க கூட்டியாரணும்மா. பின்னால கக்கூசுக்குப் போக வழி வோணும். பாம்பு இருக்கற எடத்துல அவ எப்பிடிப் பொழங்குவா?"

"நாங்களா அண்ணே ஆரம்பிச்சோம்? மொதல்ல பால் ஊத்துனது நீங்கதான?" என்றாள் கொளஞ்சியம்மாள். அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் கேட்டாள்.

ஆவணியில் ஒருநாள் திரும்பும் வழியில் மகேஸ்வரி மயங்கிச் சரிந்தாள். புதுச்சத்திரத்தில் பஸ்ஸை நிறுத்தி, 108-ஐக் கூப்பிட்டு, வந்த வழியே திரும்பக் கொண்டுபோனார்கள். "பக்கத்துல எங்கயாவது வந்து தங்குங்க. இல்லன்னா வழியிலயே உயிர் போயிடும்" என்றார் டாக்டர். தங்க வீடு இருக்கிறது, உள்ளே போகத்தான் முடியவில்லை என்பதை வைத்திலிங்கம் எந்த வாயால் சொல்வார்?

மறுநாள் விடியற்காலை கடப்பாரையோடு போனார். ஓங்கிக் குத்தினார். ஏழாவது குத்தில் புற்று பிளந்தது. பாம்பு இல்லை. முட்டை ஓடும் கறையானும்தான். அடிவரை தோண்டி மண்ணை வாரிக் கொட்டி, மிதித்துச் சமப்படுத்தினார்.

சத்தம் கேட்டுப் பெண்கள் வந்தார்கள். ஏசுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. கொளஞ்சியம்மாள் மட்டும் சூலத்தைப் பிடுங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டே, "அண்ணிக்கி எதுனா ஆச்சின்னா எங்களக் கேக்காதீங்கண்ணே" என்றாள்.

அந்த வார்த்தை அவரைத் தின்றது. இனி மகேஸ்வரிக்கு என்ன நடந்தாலும் தெரு ஒரு காரணம் வைத்திருக்கும். நோய் அவளை விடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நாள் வரும்போது, காரணம் நோய்தான் என்று தன்னாலேயே நம்ப முடியுமா என்று தெரியவில்லை. வேலைக்கு ஒரு ஆளும் வரவில்லை. பதினெட்டு நாள் ஒற்றை ஆளாக வெட்டினார், வேரோடு தோண்டினார், கொளுத்தினார். மகேஸ்வரியிடம் புற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை.

புரட்டாசி பிறக்குமுன் குடிவந்தார்கள். மறுநாள் காலை அவர் கண்விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. புற்று இருந்த இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் அவளுடைய பாட்டில். அன்றைக்கு முழுவதற்குமான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மகேசு! இன்னா பண்ற? சாய்ந்தரம் வரைக்கும் இன்னாத்தக் குடிப்ப?"

"பாதிதான் ஊத்தினேன்." அவள் உதடு வெடித்திருந்தது. "எதிர்வூட்டம்மா நேத்தே சொல்லிட்டாங்க மாமா."

அவர் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒனக்காக வேண்டிக்கினியா?"

"நான் இன்னிக்கோ நாளைக்கோ. எனக்கு இன்னாத்தக் கேக்கறது? இடிச்சது நீயி. உனக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னு கேட்டேன்."

மிச்சமிருந்த கால் லிட்டரை வைத்து அவள் அன்றைய பொழுதை ஓட்டினாள். வைத்திலிங்கமும் அன்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.