ஒரு சொல் மணல்

மணற்கல் எப்படி உண்டாகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாறை உடைந்து ஆற்றில் உருண்டு வரும்போது மற்ற தாதுக்கள் கரைந்துபோகும். சிலிக்காவாலான குவார்ட்ஸ் மட்டும் லேசில் சாகாது. அந்த மணல் படிந்து, மேலே ஏறிய பாரத்தில் நெருங்கி, இடுக்கில் ஊறிய நீர் கொண்டுவந்த சிலிக்காவோ சுண்ணாம்போ இரும்புத்துருவோ பசையாக இறுகினால் கல். கோடிக்கணக்கான வருஷம் பிடிக்கும். நிலவியல் படித்த எனக்குக் கிடைத்ததோ, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் மணல் சோதிக்கும் வேலை.

அங்கே அவ்வளவு பொறுமை கிடையாது. மணலில் பசை கலந்து வாயுவைச் செலுத்தினால் ஒரு நிமிஷத்தில் கல். அதுதான் அச்சு. இரும்பை ஊற்றி ஆறியதும் அதை உடைத்து மறுபடி மணலாக்க வேண்டும். உடைத்தவன் ஆரம்பாக்கத்திலிருந்து என்னோடு ஒரே ரயிலில் வரும் நண்பன்.

கிளம்பும் தூசிக்குக் கம்பெனி கொடுத்த மருந்து வெல்லம். ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கட்டி. நெஞ்சில் இருக்கும் தூசியை இறக்கிவிடுமாம். தின்பது வயிற்றுக்குத்தான் போகும் என்று படித்தவனுக்குத் தெரியாதா? தெரியும். வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்ததே நான்தான்.

போன வருஷம் அவனுக்கு மூச்சு வாங்கியது. டிபி என்று நினைத்துக் கொடுத்த மாத்திரைக்குக் குணமாகவில்லை. திருவள்ளூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தூசியால் வந்த நோய் என்று சான்று கிடைத்தால் வைத்தியச் செலவு கம்பெனியுடையது, எந்தத் தூசி என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றார். அவன் மனைவி நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். எழுதிக் குடுங்கண்ணா."

மேனேஜர் சொன்னார்: "மணல்னு போடு, போதும். சிலிக்கா கிலிக்கான்னு எழுதி பேஜாரு பண்ணாத."

நுரையீரலைக் கெடுப்பது மணலில் உள்ள அந்தச் சிலிக்காதான். தினமும் ரெஜிஸ்டரில் அதன் அளவை எழுதும் கை, 'மணல்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டது. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. வெட்கக்கேடு.

சான்று கொடுக்கும் ஆபீஸிலிருந்து காகிதம் திரும்பி வந்தது. "மணல் பீச்லகூடத்தான் கீது" என்றாராம் அங்கிருந்த குமாஸ்தா.

அவனைப் பார்க்கப் போனேன். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தவன், நகர்ந்து இடம் கொடுத்தான்.

"உக்காருபா. உனுக்கும் ஊடு, புள்ள குட்டி கீது. நானா இருந்தாலும் அப்டிதான் எழுதியிருப்பேன்."

இதைச் சொல்லி முடிக்க நான்கு முறை நிறுத்தி மூச்சு இழுத்தான். அவன் அப்படி எழுதியிருக்க மாட்டான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.