சாராள் சொன்ன சாட்சி

கவரைப்பேட்டை வயல்களில் நாற்று நட்டு வளர்ந்தவள் சாராள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கிருத்திகை தவறாமல் சிறுவாபுரி முருகனிடம் நடந்தே போகிற சுப்பிரமணியை அவள் கட்டிக்கொண்டதும், இரண்டு பக்கத்து உறவும் முகம் திருப்பிக்கொண்டது. ஆனாலும் இருவரும் மதம் மாறவில்லை. அவள் ஜெபிக்கும்போது அவன் ரேடியோவை நிறுத்துவான். அவன் விரத நாளில் அவள் கருவாடு வாங்கமாட்டாள்.

1985-இல், அவன் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி இரும்பாலையில், பழுக்கக் காய்ச்சிய கம்பி நழுவி சுப்பிரமணியின் தொடையில் பாய்ந்தது. காலை எடுக்க வேண்டிவரலாம் என்றார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். சாராள் கட்டிலடியில் முழங்காலிட்டாள். கட்டிலில் அவன் முருகா முருகா என்று முனகிக்கொண்டிருந்தான்.

கால் தப்பியது.

ஊர் திரும்பியதும் பாஸ்டர் பாக்கியநாதன் அன்பாகத்தான் கேட்டார். "நம்ம ஆண்டவர் ஒருத்தர்தான் மெய், மத்ததெல்லாம் பொய்னு கண்ணால பாத்துட்ட. அதைச் சபையில சாட்சியா சொல்லும்மா."

ஞாயிறன்று சாராள் சபையில் எழுந்து நின்றாள்.

"நான் ஜெபம் பண்ணேன், ஆண்டவர் கேட்டாரு. உசிரு போற வரைக்கும் இதைச் சொல்லுவேன். என் ஊட்டுக்காரரும் அவரு சாமியைக் கூப்டுக்கினுதான் இருந்தாரு. அந்தச் சாமி வரலன்னு நான் எப்பிடிச் சொல்றது? எனக்குத் தெரியாததைச் சொன்னா அது பொய்ச் சாட்சி ஆயிடும். அதைத்தானே ஆண்டவர் வேணாம்னிருக்காரு."

முன்னால் உட்கார்ந்திருந்த ரோசம்மாள் திரும்பினாள். "அப்ப ரெண்டும் மெய்யா?"

"ஊட்டுக்காரரு சாட்சியை அவரைத்தான் கேக்கணும்கா. என்னுதை என்னைக் கேளுங்க."

பாஸ்டர், ஜெபிப்போம் என்றார். அதற்குப் பிறகு சாராளை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அவளும் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

சேதி சுப்பிரமணியின் காதுக்கு எட்டியது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் வெளியே வந்தால், நெற்றி நிறைய விபூதியோடு, கைத்தடியை ஊன்றி அவன் சர்ச் வாசலில் நின்றிருந்தான்.

"இந்தக் காலை வச்சிக்கினு இன்னாத்துக்கு வந்த? வலிக்கல?"

"என் பொண்டாட்டியக் கூட்டிக்கினு போறதுக்கு இன்னா வலி?"

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சாராள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவன் தாங்கித் தாங்கி நடக்கிற வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்து, நடுத்தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள்.